கடிதத்தின் மீதி

ஜான் கீட்ஸின் ‘ஓட் டு எ நைட்டிங்கேல்’ கவிதையை நடத்தும் நாளில் என் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். 1986இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. நகலை நகலெடுத்து, கடைசி வருஷங்களில் கரித்துணியால் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் அடையாளம் தெரியும். இரவு. மரங்கள். நிலா. மரத்தடியில் உட்கார்ந்து, முகத்தை உயர்த்தி, எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர். கீட்ஸின் நண்பர் ஜோசப் செவர்ன், கீட்ஸ் இறந்து இருபது வருஷத்துக்கும் மேலான பிறகு வரைந்த படம். ஹாம்ஸ்டெட் பொட்டலில் பறவையைக் கேட்கும் கீட்ஸ்.

மூன்றாம் ஆண்டு பி.ஏ. வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமான பீரியட் என்றால் பாதிப் பேர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார்கள். தாளை முதல் பெஞ்சில் கொடுத்துக் கைமாற்றி விடுவேன். “நைட்டிங்கேல்னா தமிழ்ல என்ன சார்?” என்று எந்த வருஷமும் ஒருவர் கேட்பார். குயில் என்று சொல்லிச் சமாளிப்பேன். அந்தப் பறவை நம் பக்கம் கிடையாது. அகராதிகளில் இராப்பாடி என்றிருக்கிறது. ஆனால் கேட்டிராத குரலுக்குப் பெயர் இருந்து என்ன. குயில் என்றால் பாரதியை நினைத்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டுவார்கள்.

அதன் பிறகு என் கதை வரும்.

என் அண்ணன் சென்னையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தான். காசநோயில் 1984 பிப்ரவரியில், 29 வயதில் போனான். கீட்ஸ் இறந்ததும் பிப்ரவரியில்தான், அதே நோயில், 25 வயதில். ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் கடைசி நாலு மாதம் அண்ணன் இருந்தான். அங்கிருந்து எனக்கு எழுதிய இன்லண்டு கடிதத்தை நெஞ்சுப் பையிலிருந்து எடுத்து வகுப்பில் வாசிப்பேன். “வார்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு பறவை ராத்திரி முழுக்கக் கத்துகிறது. கூழாங்கல்லைக் கூழாங்கல்லால் தட்டுகிற மாதிரி இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.” இவ்வளவுதான் வாசிப்பேன். கடிதத்தை மடித்துவிடுவேன்.

“அவன் தனிமையை விரும்பியவன். மரணம் பக்கத்தில் வந்து நிற்கும்போது மனிதனுக்கு ஒரு ஏகாந்தம் வாய்க்கிறது. கீட்ஸுக்கு வாய்த்தது. என் அண்ணனுக்கும் வாய்த்தது.” இப்படித்தான் முடிப்பேன். வகுப்பு அசையாமல் இருக்கும். சில பெண் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நல்லாசிரியர் என்று எனக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்ததில் இந்த 10 நிமிஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

2014இல் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வர மாட்டான். அவன் கண்ணில் ஈரமெல்லாம் இல்லை. ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டான்.

“உங்க அண்ணனுக்கு யாரு சார் சாப்பாடு எடுத்துட்டுப் போனது?”

“நாங்கதாம்ப்பா” என்றேன்.

பொய். அந்தப் பொய்யை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தயாராக இருந்திருக்கிறது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 1983 அக்டோபரில். அம்மா தென்காசிப் பக்கம் ஊரில், முட்டி வலியோடு. அப்பா இல்லை. சென்னையில் அவனுக்கு என்று இருந்தது நான் ஒருவன். எம்.ஃபில். படித்துக்கொண்டு விடுதியில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணி நேரம். அந்த நாலு மாதத்தில் நான் போனது இரண்டு தடவை.

முதல் தடவை கட்டிலருகில் ஒரு பத்து நிமிஷம் நின்றேன். இரண்டாவது தடவை வார்டு வாசலில், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. அவன் அங்கிருந்தே பார்த்துவிட்டு, “உள்ள வராத தம்பி, அங்கனயே நில்லு” என்றான். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அவன் சொன்னதால் நின்றேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு வழி கொடுத்துவிட்டான். அண்ணன்மார் கடைசிவரை அண்ணன்மார்தான்.

அம்மாவுக்கு வாரம் ஒரு கார்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன், கஞ்சி குடிக்கிறான், தேறி வருகிறான் என்று. அம்மா 2003இல் இறக்கும்வரை, “சின்னவந்தான் பெரியவனைக் கடைசி மட்டும் வச்சுப் பாத்தான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போனேன் என்றால், ஞாயிறு திறந்த நூலகங்களுக்கு. மற்ற நாளில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகம். என் ஆய்வுத் தலைப்பு கீட்ஸ் கவிதைகளில் மரணம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வால்டர் ஜாக்சன் பேட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ரோம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அந்த மேசையிலேயே அழுதேன். கடல் காற்று ஜன்னலில் அடித்தது. ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் என் அண்ணன் அதே நோயில் கிடந்தான், அன்றைக்கும் போகவில்லை.

அந்த அத்தியாயத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கீட்ஸ் மருத்துவம் படித்தவர், லண்டன் கைஸ் மருத்துவமனையில். 1820 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு இருமியபோது விழுந்த ரத்தத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, நிறத்தை வைத்தே, இதில் பிழைக்க மாட்டேன் என்று தெரிந்துகொண்டவர். குளிர்காலத்துக்கு இத்தாலி போகச் சொன்னார்கள். கூடப் போக நெருங்கிய நண்பர் சார்லஸ் பிரவுன் ஊரில் இல்லை. நாலைந்து நாள் அவகாசத்தில் ஒப்புக்கொண்டவர் செவர்ன். 26 வயது, அவ்வளவு நெருக்கமான சிநேகிதம்கூட இல்லை. ராயல் அகாடமியில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தார், ரோமில் போய்ப் படித்தால் உதவித்தொகைக்கு வழி பிறக்கும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. கணக்கோடு போனார் என்று பின்னால் சிலர் குத்திக் காட்டியிருக்கிறார்கள். சரி, கணக்கோடு போனார். போனாரே.

ரோமில் பியாஸா டி ஸ்பான்யாவில் 26ஆம் எண் வீடு. ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் செவர்னே அடுப்பு மூட்டி, சமைத்து, படுக்கை விரித்து, முகம் கழுவிவிட்டு, புத்தகம் வாசித்துக் காட்டினார். வாடகை பியானோவில் ஹைடன் வாசித்தார். டாக்டர் ஜேம்ஸ் கிளார்க் ரத்தம் எடுத்து, உணவைச் சுருக்கி, ஒரு துண்டு ரொட்டியும் ஒரு நெத்திலியும் என்ற அளவில் வைத்திருந்தார். பசியில் கீட்ஸ் செவர்னைத் திட்டுவார். வரும்போது வாங்கிவந்த லாடனம் என்ற அபின் மருந்துப் புட்டியைக் கொடு, முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். செவர்ன் கொடுக்கவில்லை, டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்கும் திட்டு.

இரவில் மெழுகுவர்த்தி அணைந்தால் கீட்ஸ் கலங்குவார். செவர்னுக்கோ தூக்கம் கண்ணைச் சொக்கும். அதனால் ஒரு மெழுகுவர்த்தியின் அடியிலிருந்து அடுத்ததன் திரிக்கு நூல் கட்டினார். முதல் மெழுகு தீரும்போது நெருப்பு நூலைப் பற்றிக்கொண்டு போய் அடுத்ததை ஏற்றும். அது ஏறியதைப் பார்த்து கீட்ஸ் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாராம். நான் நூலகத்தில் அழுதது இந்த இடத்தில்.

1821 ஜனவரி 28, அதிகாலை 3 மணி. தூங்கிவிடாமல் இருப்பதற்காக செவர்ன் காகிதத்தை எடுத்து, தலையணையில் சாய்ந்திருந்த முகத்தை வரைந்தார். வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி, மூடிய இமை, பின்னால் நிழல். ஏன் வரைந்தேன் என்று அதன் கீழேயே குறித்தும் வைத்தார். பிப்ரவரி 23 இரவு, செவர்ன் தூக்கிப் பிடித்திருக்க, கீட்ஸ் இறந்தார்.

படத்துக்கு வருகிறேன். 2016 கோடை விடுமுறையில் லண்டனில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். ஹாம்ஸ்டெட்டில் கீட்ஸ் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தோட்டத்தில் ஒரு பிளம் மரம் வைத்திருக்கிறார்கள், பழைய மரத்தின் ஞாபகத்துக்கு. அந்த வீட்டில் கூட இருந்த பிரவுன் பின்னால் எழுதிவைத்தபடி, 1819 வசந்தத்தில் ஒரு நாள் காலை, கீட்ஸ் சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிளம் மரத்தடியில் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, துண்டுக் காகிதங்களோடு திரும்பி வந்தார். அவற்றைப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகினார். அதுதான் இந்தக் கவிதை. அதாவது காலை வெயிலில், வீட்டுத் தோட்டத்தில், நாற்காலியில். செவர்ன் அதை ராத்திரியாக்கி, பொட்டலுக்குக் கொண்டுபோய், தரையில் உட்காரவைத்து, நிலாவும் ஏற்றிவிட்டார். கவிதையிலும் இரவுதான், ஆனால் காலடியில் பூத்திருப்பது என்ன பூ என்று வாசனையை வைத்து ஊகிக்க வேண்டிய இருட்டு. ஓவியருக்கு இருட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முகம் தெரிய வேண்டுமே.

அந்த வீட்டில் படத்தை நேரில் பார்த்தபோது முதலில் ஏமாற்றம். நல்ல ஓவியம் என்று சொல்ல மாட்டேன். நாடகக் கொட்டகையின் பின்திரை மாதிரி இருந்தது. 3 மணிக் கோட்டோவியத்தின் பக்கத்தில் இது நிற்காது. செவர்னுக்கு அப்போது கடன் தொல்லை. இறந்த நண்பரின் புகழோ ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சில கீட்ஸ் படங்களும் அவர் நினைவிலிருந்து வரைந்திருக்கிறார். இதெல்லாம் சேர்த்து ஓரளவு இளக்காரத்தோடுதான் நின்றிருந்தேன்.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். படத்துக்குள் பார்த்தேன், இவருக்கு யார் சாப்பாடு கொண்டுவந்தது என்று. படத்துக்குள் ஆளில்லை. படத்துக்கு இந்தப் பக்கம், நான் நின்றுகொண்டிருந்த இடத்தில், ஒருவர் நின்றிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே இருந்து, வாந்தியும் ரத்தமும் துடைத்த ஆள். எல்லாம் தெரிந்த அந்த ஆள், இருமல் இல்லாத ஒரு ராத்திரியை இருபது வருஷம் கழித்து நண்பருக்கு வரைந்து கொடுத்திருக்கிறார். தன்னைப் படத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்த உரிமை இருந்தது.

எனக்கு எந்த உரிமை? நானும் ஒரு படம்தான் வரைந்தேன், வருஷா வருஷம், வகுப்பறையில். மரத்தடி, பறவை, ஏகாந்தம். என் படத்திலும் நான் இல்லை. அண்ணனைத் தனியாக விட்டதற்கு, அவன் தனிமையை விரும்பினான் என்று பெயர் வைத்திருந்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போக முடிகிறது, அதுவும் வசதியாகிவிட்டது.

அண்ணன் தனியாகவும் இல்லை, உண்மையில். பக்கத்து வரிசையில் ஒரு லாரி கிளீனர் இருந்தார், அதே நோய்தான், கொஞ்சம் தேறியவர். அண்ணனின் டம்ளரைக் கழுவிவைத்ததும், பிடித்து உட்காரவைத்ததும், கண்ணை மூடிவிட்டதும் அவர். சாமான்களை வாங்கப் போனபோது அவரே சொன்னார். பெருமையாகவோ குறையாகவோ சொல்லவில்லை. துண்டில் மடித்த சட்டைகளையும் ஒரு டார்ச் லைட்டையும் கொடுத்தார். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. கீட்ஸ் ரோமுக்குப் போன கப்பலின் பெயர் மரியா கிரௌதர் என்று எனக்குத் தெரியும்.

கவிதையையே தப்பாக நடத்தியிருக்கிறேன் என்பதும் அந்தத் தோட்டத்தில்தான் பட்டது. இளைஞர்கள் வெளுத்து, மெலிந்து சாவதைப் பற்றி அதில் ஒரு இடம் வருகிறது. சாகப்போகிற கவியின் முன்னுணர்வு என்று குறிப்பு எழுதிப்போடுவேன். 1819இல் கீட்ஸ் சாகக் கிடக்கவில்லை. அவர் தம்பி டாம் முந்தின டிசம்பர் 1ஆம் தேதி காசநோயில் இறந்திருந்தான், 19 வயதில். மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ். வலியில்லாமல் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்தக் கவிதை ஏங்குவது, வலியோடு ஒரு உயிர் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருடைய ஏக்கம். அண்ணனாக இருந்து எழுதியதை, வாசலில் நின்ற தம்பி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொற்றிக்கொள்ளும் என்ற பயம்தானே, அது இயற்கைதானே என்று என் மகள் சமாதானம் சொன்னாள். செவர்ன் காலத்து ஆங்கில டாக்டர்கள் பலர் இதைத் தொற்றுநோயாகவே நினைக்கவில்லை. இத்தாலியச் சட்டம் நினைத்தது. அதனால்தான் கீட்ஸ் இறந்ததும் அறைச் சாமான்களை எரித்து, சுவரைச் சுரண்டினார்கள். கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது 1882இல். செவர்ன் 85 வயது வரை இருந்துவிட்டு அதற்கு 3 வருஷம் முன்பே போய்விட்டார். ஆக, அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று ஒரு வாதம் வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். ஆனால் நான் இருந்த சென்னையில்தான் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு ஆய்வைச் செய்தது. சானடோரியத்தில் படுத்தவர்களும், நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. முதல் முடிவு வெளிவந்தது 1959இல். நான் பிறந்த வருஷம். அண்ணன் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தி, திரும்ப முற்றவிட்டவன், அவன் கதை கொஞ்சம் வேறு. இருந்தாலும் வாசலில் நின்றபோது நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டு நிற்கவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. தெரிந்துகொண்டால் போக வேண்டியிருக்கும்.

2017இல் ஓய்வு. கடைசியாக அந்தக் கவிதையை நடத்திய அன்று ஜெராக்ஸ் தாளைக் கொடுக்கவில்லை. 3 மணிப் படத்தை மடிக்கணினியில் காட்டினேன். நூல் கட்டிய மெழுகுவர்த்தியைச் சொன்னேன். அப்புறம் கடிதத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். 31 வருஷம் “கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்” என்ற இடத்தில் நிறுத்தியவன், அன்றைக்கு மீதியை வாசித்தேன்.

“தூக்கமே இல்லை. அந்தச் சனியனைக் கல்லால் அடித்து விரட்ட ஆளில்லை. அடுத்த கட்டில்காரர் முந்தாநாள் போய்விட்டார், கட்டில் காலியாகக் கிடக்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது. டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி வாங்கிவா. ரொட்டியும் பாலும் வாயில் வைக்க விளங்கவில்லை, அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் உன்னிடம் மிச்சம் இருந்தால் கொஞ்சம் கொண்டுவா. போன ஞாயிறு வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை இருந்திருக்கும். உனக்குக் கைச்செலவுக்குப் பணம் இருக்கிறதா? எழுது.”

வகுப்பில் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு பெண் மட்டும் கேட்டாள், “கொண்டுபோனீங்களா சார்?”

ஊறுகாயை அதற்கு முந்தின வாரமே விடுதியில் நண்பர்களோடு தின்று தீர்த்திருந்தேன். பேட்டரி வாங்கினேன். இரண்டு எவரெடி, சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். ஏப்ரலில் அறையைக் காலி செய்தபோது இரண்டும் கசிந்து, அடியில் விரித்திருந்த செய்தித்தாளோடு ஒட்டிக் கிடந்தன.